ஒரே கேசட்டில் வளர்ந்தவர்கள்

செகந்திராபாத் போவன்பள்ளி மார்க்கெட்டில் பச்சை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு என் மனைவி ஜெயந்தி ஏதோ முனகினாள். பாட்டு என்று சொல்லிவிட முடியாது. மூக்கால் இழுக்கிற ஒரு ராகம், நடுநடுவே 'டக்மக் டக்மக்' என்று ஒரு தள்ளாட்டம். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வயதுதான் இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் அடுத்த அடியை அவர் பாடினார். அதற்கடுத்ததை ஜெயந்தி பாடினாள். கடைசி அடியை இரண்டு பேரும் சேர்ந்து கத்திவிட்டுச் சிரித்தார்கள். "கௌன்ஸி காலனி, பெஹன்?" என்று அவர் கேட்டார். அவள் தன் ரயில்வே காலனியின் பேரைச் சொன்னாள். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டிவிட்டு, எடை போட்டு முடித்த மிளகாய் மேல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு நான் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பை பிடிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார். தப்பில்லை.

டக்மக் என்பது ஓர் ஆமை. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் ஹிந்தியில் வந்த கார்ட்டூன். ஓட்டுக்கு அடியில் சக்கரம் கட்டிக்கொண்டு உருளும். துணைக்கு ஒரு கொக்கு. துரத்த ஒரு முதலை. அந்தக் காலத்தில் ஒரு வியாபாரம் இருந்தது, நினைவிருக்கிறதா? டிவியில் ஒரு கார்ட்டூன் நன்றாக ஓடினால் போதும், அதன் பேரைச் சொல்லி ஒரு பாட்டுக் கேசட் வந்துவிடும். தொடரில் வராத பாட்டுகள், தொடரில் பேசாத குரல்கள். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடி, வேகத்தைக் கூட்டிக் கீச்சுக் குரலாக்கி, ஒற்றை கீபோர்டில் மொத்த வாத்தியத்தையும் வாசித்துத் தள்ளியிருப்பார்கள். ஆமை பல் தேய்க்கும் பாட்டு, ஆமை கணக்குப் பாடத்தைத் திட்டும் பாட்டு, கொக்குக்குக் கல்யாணம் நின்றுபோன பாட்டு. இசை தெரிந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நானும் பொத்திக்கொண்டிருப்பேன், என் வீட்டில் அது பூஜை மந்திரம் மாதிரி ஒலிக்காமல் இருந்திருந்தால்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். ஹைதராபாத் என்ன சீமையா, ஒரு ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் வந்துவிடுமே என்பீர்கள். வாஸ்தவம். கனடாவிலிருந்து எழுதுகிறவர்களுக்குப் பனி இருக்கிறது, கடல் கடந்த துயரம் இருக்கிறது, படிக்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். அவர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான். எனக்கு வாய்த்தது இட்லி கிடைக்கிற அந்நியம். கடைப் பலகையின் எழுத்து நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி வளைந்திருக்கும், ஆனால் வாயில் வராது. மாதாப்பூர் ஆபீசில் என்னோடு லிஃப்டில் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். அந்த ஒரு நொடி மாற்றத்தில், ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஆமையை நானும் பார்த்தவன்தான். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஆமை. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். ஒருத்தருக்கும் ஹிந்தி தெரியாது. என் சரசு அக்கா மட்டும் மாடி வீட்டு டீச்சரிடம் கொஞ்ச நாள் ஹிந்தி படிக்கப் போய்விட்டு நின்றவள். அது போதாதா? அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஆமை வாயைத் திறந்தால் போதும், அக்கா திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "அம்மாவக் காணோம்னு அழுவுது." கொக்கு இறக்கையை விரிக்கும். "அந்த ஊருக்கு நான் வழி காட்டுதேன்னு சொல்லுது." முதலை வரும். "இந்தப் பாவிதான் அம்மாவப் பிடிச்சு வச்சிருக்கான்." நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்ப்போம். தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் வளர்ந்தோம். படம் தில்லியிலிருந்து வரும், கதையைத் தெருவிலேயே செய்துகொள்வோம். அந்த ஆமைக்குக் கேசட் ஒன்று வந்ததே எங்களுக்குத் தெரியாது. வந்திருந்தாலும் கோவில்பட்டியில் யார் வாங்கியிருப்பார்?

கல்யாணமான புதிதில் ஜெயந்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் அரக்கோணத்துப் பூர்விகம், பிறந்தது செகந்திராபாத். தாத்தா காலத்தில் பணிமனை வேலைக்கு வந்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வேர்விட்ட குடும்பம். பாதிக் கதையிலேயே கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அம்மாவத் தேடுதா? ஐயோ! அது குளிக்கறதுக்கு பயந்துக்கினு ஓடுதுங்க. அம்மாதான் சோப்ப வச்சிக்கினு ஒவ்வொரு வாரமும் பின்னாடியே வரும்."

"அந்தக் கண்ணாடி போட்ட பெரிய ஆமை?"

"ஹவ், அதுதான் அம்மா."

அதை அக்கா போலீஸ் என்று சொல்லியிருந்தாள். "அப்போ முதலை?" என்று கேட்டேன்.

"அது வில்லன்தான். கைக்கு, எதுக்கு துரத்துதுன்னு யாருக்குத் தெரியும்? முதலைன்னா துரத்தும்."

சாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவுக்கு மறுநாளே போன் செய்தேன். அவள் அசரவில்லை. "ஏலேய், நான் சொன்னதுதாம்ல சரி. அந்தப் பக்கத்துக்காரனுவ கதைய மாத்தியிருப்பானுவ. குளிக்க பயந்து ஓடுத ஆமைக்கு யாருல அழுவா? நீ அழுதேல்ல?" அழுதேன்தான். அந்த அழுகைக்கு இப்போது இங்கே சாட்சி யாரும் இல்லை. ஜெயந்தியின் சிரிப்புக்கோ ஒரு காலனியே சாட்சி.

காலனி என்றால் முதலில் சீனு. எதிர் குவார்ட்டர்ஸ் தெலுங்குப் பையன், அவளோடு ஒரே ரிக்‌ஷாவில் பள்ளிக்கூடம் போனவன். அந்த ஆமைக் கேசட்டைக் காலனியில் காசு கொடுத்து வாங்கியவர் அவன் அப்பா ஒருத்தர்தான். மற்ற வீடுகளிலெல்லாம் ஓடியது அதிலிருந்து பதிவு செய்த நகல்கள். ஒரு வீட்டில் இரட்டை டெக் இருந்ததாம். வெற்றுக் கேசட்டோடு பிள்ளைகள் அந்த வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்களாம். சீனு வீட்டுக்கு வந்தால் ஜெயந்தியின் குரல் ஒரு சுருதி ஏறும். தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றையும் பிசைந்த அவர்கள் பாஷையில் ஒரு வாக்கியம் எங்கே தொடங்கி எந்த மொழியில் இறங்கும் என்று சொல்ல முடியாது. நான் கேட்டால் அவள் மொழிபெயர்த்துச் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பு ஆறிப்போயிருக்கும். 'இதுக்கா இவ்வளவு சிரிச்சீங்க' என்கிற முகத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

மற்ற ஆண்களைப் போலப் பொறாமைப்பட்டுத் தீர்த்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. வருடா வருடம் அவள் அவனுக்கு ராக்கி கட்டுகிறாள். அவன் என்னை 'பாவா' என்று கூப்பிடுகிறான், தங்கை புருஷனைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பண்டிகைக்கு எனக்குச் சட்டை எடுத்துத் தருகிறான். அளவும் சரியாக இருக்கிறது. இவன் மேல் எந்தக் குற்றத்தைச் சுமத்துவேன்? என் பொறாமை அவன் மேல் இல்லை. அவனும் அவளும் சேர்ந்து பத்து வயதாக இருந்தார்கள் பாருங்கள், அதன் மேல். அங்கே போக எந்த ரயிலிலும் எனக்கு டிக்கெட் கிடையாது. போதாததற்கு எங்கள் மகள் மீரா. பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். அவள் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் ஓய்ந்துபோன ஆமைப் பாட்டுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அம்மாவின் பிள்ளைப் பிராயத்துக்குள் மகள் கதவைத் தட்டாமல் போய் வருகிறாள். சரசு அக்காவின் ஆமையை அவளுக்குச் சொல்ல ஒருமுறை ஆரம்பித்தேன். "கியூட் அப்பா" என்றாள். அத்தோடு முடிந்தது.

இந்தத் தை மாதம் சீனு உப்பலில் புது வீடு கட்டி கிருகப்பிரவேசம் வைத்தான். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் காலனிக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து கேசட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடி ஆடுவது என்று முடிவாயிற்று. ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, நாற்பது தாண்டியவர்கள் முழங்கைகளை ஓடு மாதிரி மடக்கிக்கொண்டு உருண்டார்கள். நான் அடுக்களையில் டிகாக்‌ஷன் இறக்கினேன். கடைசிப் பாட்டு முதலைப் பாட்டு. அதில் முதலையாக வரவேண்டிய ஃபிரோஸ் ஜெட்டாவில் வேலையில் இருந்தான். விடுப்பில் நேராக விழாவுக்கு வந்து பாடுவதாகச் சொல்லியிருந்ததால் ஒத்திகையில் முதலையின் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் தரையில் 'தொம்' என்று எல்லாக் கால்களும் ஒன்றாக விழுகிற சத்தம் அடுக்களைக்குக் கேட்கும். டம்ளர்கள் அதிரும். நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்ப்பது ரோஷத்துக்குக் குறைவு என்று நினைத்தேன்.

விழாவுக்கு முதல் வாரம், கடைசி ஒத்திகையும் முடிந்தபின், ஃபிரோஸின் விடுப்பு ரத்தானது. சீனு வந்து என் தோளில் கை போட்டான். "பாவா, ஃபிரோஸ் ராலேது. மகர்மச் நீங்கதான். கொஞ்சம்தான். அதும் பாட வேணாம், கத்தினா போதும்."

"எனக்கு ஹிந்தி உச்சரிப்பு…"

"முதலைக்கு என்ன உச்சரிப்பு பாவா?"

ஜெயந்தி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவளாக என்னை எதற்கும் அழைத்ததில்லை என்று இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன். அவள் கண்ணில் இப்போது இருந்தது அழைப்பு மாதிரிதான் இருந்தது. "ஒத்துக்கோங்க" என்றாள். "நல்லா இருக்கும்."

அந்த வாரம் முழுவதும் நான் முதலையாக இருந்தேன். இணையத்தில் யாரோ அந்தக் கேசட்டின் பாட்டுகளைத் துலக்கி ஏற்றியிருந்தார்கள். மாதாப்பூர் நெரிசலில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதலைப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். "ருக் ஜா, ருக் ஜா, டக்மக்!" நில்லடா, நில்லடா டக்மக். இது முதல் வரி. "தாந்த் மேரா துக்தா பாயீ, இஸீலியே சில்லாதா ஹூம்." பல்லு வலிக்குது தம்பி, அதனாலதான் கத்துறேன். இது இரண்டாவது. உடனே பிள்ளைகள் கூட்டம், "பாகோ, பாகோ!" என்று ஓடும். பக்கத்தில் நின்ற பைக் ஓட்டிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகவே இல்லை. முதன்முறையாக நான் இந்த ஊரில் எதற்கோ தயாராகிக்கொண்டிருந்தேன். மீராவிடம்கூடப் பாடிக் காட்டவில்லை. எல்லோரும் ஒரேயடியாக அசரட்டும் என்று வைத்திருந்தேன்.

உப்பல் வீட்டில் இன்னும் புது சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மாவிலைத் தோரணம், புலிஹோரா, வாழையிலை ஓரத்தில் கோங்குரா. சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் ஷாமியானாவுக்குக் கீழே பாட்டுகள் தொடங்கின. பல் பாட்டு, கணக்குப் பாட்டு, கொக்குப் பாட்டு. ஜெயந்தியின் புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படி இருந்திருப்பாள் என்று நான் ஆல்பங்களில் தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. இதோ, எல்லோருக்கும் முன்னால் அப்படியே நிற்கிறாள். அவள் பக்கத்தில் மீரா. கடைசியாக என் முறை. பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவில் புகுந்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ருக் ஜா, ருக் ஜா, டக்மக்!"

கைதட்டல். விசில். கூட்டத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் எகிறிக் குதித்தார்கள். தொம்! குதித்து இறங்கியதும் "பாகோ, பாகோ!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்ற இடத்தில் நின்று, கையை நீட்டி, "தாந்த் மேரா துக்தா பாயீ" என்று கணீரென்று பாடிக்கொண்டிருந்தேன். ஓடியவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். நிறுத்துவதா என்று தெரியாமல் நான் அந்த வரியை முடித்தேன். "இஸீலியே சில்லாதா ஹூம்." ஷாமியானா காற்றில் படபடத்தது.

மீராதான் முதலில் சிரித்தாள். "அப்பா! அந்தரூ எகிராரு, மீரொக்கரே நிலபட்டாரு!" எல்லோரும் குதித்தபோது நீங்கள் ஒருத்தர் மட்டும் நின்றீர்கள் என்கிறாள். அவ்வளவுதான், மாடியே சிரித்தது. சீனு மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தான். "ஈ லைன் எக்கடிதி பாவா?"

"பாட்டுலயே இருக்கு."

"இல்லயே. ருக் ஜா, அப்புறம் ஜம்ப், அப்புறம் பாகோ. அவ்ளோதான் பாட்டு."

நான் போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தலைகள் வட்டமாகக் குனிந்தன. முதலை கத்தியது. முதலைக்குப் பல் வலித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். சீனு இன்னொரு தரம் போடச் சொன்னான். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டான். "அரே… நான்னா கத்திரிஞ்சாரு!" அவன் அப்பா வாங்கிய சில நாளிலேயே கேசட் பிளேயரில் சிக்கி, நாடா கசங்கிப்போயிருக்கிறது. கசங்கிய துண்டை அவர் கத்திரியால் வெட்டிவிட்டு இரண்டு நுனியையும் ஒட்டியிருக்கிறார். ஒட்டிய கேசட்டிலிருந்துதான் காலனி முழுக்க நகல் போனது. வெட்டுப்பட்ட இடத்தில் தாளம் ஒரு அடி இடறும். அந்த இடறலுக்குத்தான் பிள்ளைகள் குதிக்கப் பழகியிருக்கிறார்கள். ஒரு காலனி முழுக்க, இத்தனை வருடமாக, ஒரு கத்திரி வெட்டின் மேல் குதித்துக்கொண்டிருந்தது. சரியான பாட்டைப் பாடிய ஒரே ஆள் நான். அதனால்தான் வெளியாள் என்று ஒரே வரியில் தெரிந்துபோயிற்று.

சீனு என் போனை என் சட்டைப் பையிலேயே மெதுவாக வைத்தான். "நக்கோ பாவா. அப்னாச் அச்சா." வேண்டாம், நம்முடையதே நன்றாக இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். இந்த முறை முதலை வரியை அவனே கத்தினான். எல்லோரும் குதித்தார்கள். ஜெயந்தியும் குதித்தாள், ஆனால் ஒரு நொடி பிந்தி.

வீடு திரும்புகையில் மீரா பின் சீட்டில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள். தார்நாகா பக்கம் போகும் வண்டிகள் ஹப்சிகூடா சிக்னலில் தேங்கி நின்றன.

"இன்னாத்துக்கு அந்த லைனப் பாடினீங்க?" என்றாள் ஜெயந்தி.

"நெட்ல அப்படித்தான் இருந்தது."

"நெட்ல இருக்கும். எங்ககிட்ட இல்லயே." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பாட்ட வச்சி விளையாடுவோம். முதலையப் பாத்தா கொய்யாப்பிஞ்சால அடிக்கணும், அதான் ரூல். எப்பவும் ஃபிரோஸ்தான் முதலை. கடைசியா காலனிக்கு வந்தவன் அவன், அதனால அவன் தலையில கட்டிட்டோம். எவ்ளோ அடிச்சிருக்கோம் தெரியுமா? பல்லு வலின்னு அது அப்பவே சொல்லியிருக்கு பாருங்க."

என்ன சொன்னாலும் சந்தோஷம் குரலில் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஆம், சந்தோஷம்தான். கீழான, இனிப்பான, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் சந்தோஷம். நான் எட்டவே முடியாத அந்தப் பத்து வயதுக்குள் என் கையால் ஒரு பொருளை வைத்துவிட்டேன். அவள் அதை இனி எடுத்து எறிய முடியாது. சீனுவும் முடியாது. அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே பொறாமை அசையாமல் படுத்திருந்தது. வைத்தது நானே என்றாலும், அங்கே இருக்கப்போவது நான் இல்லை.

அவள் தன்னையறியாமல் முனகத் தொடங்கினாள். கொக்குப் பாட்டு போய் முதலைப் பாட்டு வந்தது. "ருக் ஜா, ருக் ஜா, டக்மக்." அங்கே நின்றாள். காலனியின் குதிப்பு வரவில்லை. நான் பாடிய வரியும் வரவில்லை. உதடுகளை மூடிக்கொண்டு, அந்த ஒரு வரியின் நீளத்துக்கு வெறுமனே இருந்தாள். தலைக்கு மேலே மெட்ரோ ஒன்று தன் வெளிச்ச ஜன்னல்களை இழுத்துக்கொண்டு போயிற்று. சிக்னல் பச்சையாகியிருந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் மூன்று மொழியில் என்னைத் திட்டின. நான் வண்டியை எடுக்கவில்லை. அவள் "பாகோ, பாகோ" என்று தொடரும் வரை, அவள் விட்டுவைத்திருந்த அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.